கிரிப்டிக் குறுக்கெழுத்து: விடை கண்டுபிடிப்பதும், அந்த விடை ஏன் என்று சொல்வதும்

காத்தாடி விடத் தேவைப்படும் புத்தகம் (2)

காத்தாடி விடக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்திருந்தால், குறிப்பை எழுதியவர் விரித்த வலையில் சரியாகப் போய் நின்றுவிட்டீர்கள். விடை 'நூல்'. காத்தாடி விடத் தேவைப்படுவதும் நூல், புத்தகமும் நூல். அடைப்புக்குள் இருக்கும் 2, விடையின் எழுத்து எண்ணிக்கை.

நானும் ரயிலில் கூட வரும் ஒரு நண்பரும் திருவொற்றியூரில் ஏறி பீச் ஸ்டேஷன் போய்ச் சேருவதற்குள் ஒருவருக்கொருவர் இப்படிக் குறிப்பு போட்டுக்கொள்வோம். அவர் துறைமுகத்தில் வேலை பார்ப்பவர், சொல்லில் ரொம்பக் கறார். கொருக்குப்பேட்டையில் வண்டி சிக்னலுக்கு நின்றால் எங்களுக்கு இன்னும் ஒரு குறிப்பு கூடுதலாகக் கிடைக்கும். இந்த வழிகாட்டியில் உள்ள குறிப்புகள் எல்லாம் அந்த ரயில் நோட்டிலிருந்து எடுத்தவை.

சாதாரணக் குறுக்கெழுத்து உங்களுக்குத் தெரிந்ததுதான். 'இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கீழிருந்து மேல்' என்று நான்கு திசையிலும் வார்த்தை ஓடும், எழுத்துகள் கலைந்து கிடக்கும், குறிப்பு நேராக இருக்கும். கிரிப்டிக் வேறு மாதிரி. கட்டத்தில் வார்த்தை நேராக உட்காரும், குறிப்புதான் வளைந்து நெளியும்.

ஒரு குறிப்பில் என்ன இருக்கும்

இரண்டே பகுதி. ஒன்று நேர்பொருள், அதாவது அகராதியில் விடைக்கு எதிரே இருக்கக்கூடிய பொருள். இன்னொன்று சொல்லாட்டம், அதே விடையை எழுத்து எழுத்தாகக் கட்டிக்கொடுக்கும் வழி. இந்த இரண்டும் வாக்கியத்தின் இரு முனையில் இருக்கும். நேர்பொருள் முதலில் வரும், இல்லையென்றால் கடைசியில் வரும், நடுவில் வராது. மேலே பார்த்த நூல் குறிப்பு மாதிரி இரண்டு பகுதியுமே நேர்பொருளாக இருப்பதும் உண்டு, அது சிலேடை வகை.

குறுக்கெழுத்து பிறந்தது அமெரிக்காவில். ஆர்தர் வின் என்பவர் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' பத்திரிகையில் வைர வடிவத்தில் ஒன்றைப் போட்டார். அதைக் கிரிப்டிக்காக வளைத்தவர்கள் இங்கிலாந்துக்காரர்கள், 1920களில். அவர்களில் ஒருவர் வைத்துக்கொண்ட புனைபெயர் டார்க்கிமாடா, சித்திரவதைக்குப் பேர்போன ஒரு ஸ்பானிய விசாரணை அதிகாரியின் பெயர். பின்னால் வந்த, சிமினிஸ் என்ற புனைபெயரில் குறிப்பு எழுதியவர் 1966இல் ஒரு புத்தகம் எழுதி, நல்ல குறிப்புக்கு இலக்கணம் சொன்னார். அவருக்குப் பின் வந்த அசெட் அதை இப்படிச் சுருக்கினார்: துல்லியமான நேர்பொருள், நியாயமான சொல்லாட்டம், இவை இரண்டையும் தவிர வேறு எதுவும் கிடையாது. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். குறிப்பில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் கணக்கு வந்தாக வேண்டும். ஒரு சொல் மிச்சமிருந்தாலும் விடை தப்பாக இருக்கலாம்.

இது எனக்கு உறைத்தது இந்தக் குறிப்பில்:

தலையில்லாத குதிரை, கரையில் வந்து மோதுவது (2)

கரையில் வந்து மோதுவது என்றதும், காசிமேட்டில் பிறந்து வளர்ந்த நான் வேறெதையும் யோசிக்காமல் 'அலை' என்று எழுதினேன். இரண்டெழுத்து, சரியாகப் பொருந்துகிறது. குதிரை எதற்கு என்று கேட்கவே இல்லை. அந்த 'அ'வில் தொடங்கி மேலிருந்து கீழ் ஒரு வார்த்தை போக வேண்டும், அது வராமல் அந்த மூலை முழுக்க அடைத்துக்கொண்டது, ராயபுரம் தாண்டியும் வரவில்லை. குதிரையின் தலையை எடுத்தால் 'திரை'. திரை என்றாலும் அலைதான். கீழே போக வேண்டிய வார்த்தை 'திண்ணை'. அன்றிலிருந்து விளக்கம் முழுதாக வராத விடையைப் பென்சிலில்தான் எழுதுகிறேன்.

எழுத்தை எண்ணும் முறை

ஆங்கிலக் குறுக்கெழுத்திலிருந்து வருகிறவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். தமிழில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. உயிர்மெய் ஒரே எழுத்து, 'கோ' ஒரு கட்டம். புள்ளி வைத்த மெய்க்குத் தனிக் கட்டம். ஆகவே 'அம்மா' மூன்று, 'எண்ணூர்' நான்கு. எழுத்தைக் கலைக்கும்போதும் உயிர்மெய்யை உடைக்கக் கூடாது, 'கா'வில் இருந்து காலை மட்டும் கழற்றி வேறு எழுத்துக்கு மாட்ட முடியாது. ல, ள, ழ மூன்றும் வேறு வேறு. ன வேறு, ந வேறு.

சொல்லாட்ட வகைகள்

எழுத்துக் கலைப்பு:

நகரம் சீர்கெட்டால் பாவம் செய்தவர் போகும் இடம் (4)

'சீர்கெட்டால்' என்பது எழுத்துகளைக் கலைக்கச் சொல்லும் சைகை. ந, க, ர, ம் நான்கையும் கலைத்தால் நரகம். மழை விட்டு மூன்று நாள் ஆகியும் தண்ணீர் வடியாத தெருவில் நின்று இந்தக் குறிப்பைக் கட்டினேன், அதனால் எனக்கு இதன் மேல் தனிப் பிரியம். குழம்பி, சிதறி, உடைந்து, கலங்கி, குலுங்கி, ஆட்டம் கண்டு, நசுங்கி, போதையில், தாறுமாறாக என்று ஒழுங்கு குலைவதைச் சொல்லும் எந்தச் சொல்லும் இந்தச் சைகையாக வரலாம். கலைத்துப் பார்க்கும்போது எழுத்துகளை வரிசையாக எழுதாமல் வட்டமாக எழுதுங்கள். வரிசையில் எழுதினால் கண் பழைய வார்த்தையையே படித்துக்கொண்டிருக்கும்.

ஒளிவிடம்:

அம்மா லைட் போட்டதில் மறைந்த அந்தி நேரம் (2)

'அம்மா லைட்' என்பதை இடைவெளி இல்லாமல் படியுங்கள். அம்'மாலை'ட். மாலை உள்ளேயே மறைந்திருக்கிறது. ரொம்ப எளிய வகை இதுதான், ஆனால் கண்ணெதிரே இருப்பதால் கடைசியாகத்தான் தெரியும். இடையே, உள்ளே, பதுங்கிய, அடங்கிய, ஒளிந்த போன்ற சொற்கள் வந்தால் முதலில் இதைச் சோதித்துவிடுங்கள்.

உள்ளே வைப்பது:

கதைக்குள் விடியல் தொடங்கப் பிறந்த பாட்டு (3)

விடியல் தொடங்குவது 'வி'. அதைக் 'கதை'க்குள் வைத்தால் க-வி-தை. நேர்பொருள் பாட்டு. நண்பர் இதைச் சொன்னபோது வண்டி தண்டையார்பேட்டையில் நின்றது. பொருளும் எழுத்தும் ஒரே பக்கம் இழுக்கிற மாதிரி அமைந்த குறிப்பு இது. அதற்கு மேல் நான் அன்று எந்தப் புதிரும் போடவில்லை, அதையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. நம் சைகைகளில் பாதி தனிச் சொல்லாக நிற்காது, வேற்றுமை உருபாக வார்த்தையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். 'கதைக்குள்' என்பதில் 'கதை' எழுத்துச் சரக்கு, 'க்குள்' சைகை. ஆகவே குறிப்பில் இல், உள், ஓடு, இன், ஐ எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துப் பிரியுங்கள். குறிப்பு எழுதுகிறவருக்கும் இதனால் ஒரு சங்கடம் உண்டு. 'நகரம்' என்பதோடு 'இல்' சேர்த்தால் 'நகரத்தில்' ஆகிவிடும், மகரம் போய் தகரம் வந்துவிடும், கலைக்க வேண்டிய எழுத்தே மாறிப்போகும். அதனால்தான் மகரத்தில் முடியும் சொல்லைக் கலைக்க வேண்டியிருந்தால் நல்ல குறிப்பில் அது உருபு ஏறாமல் எழுவாயாக நிற்கும். குறிப்பில் 'ம்' என்று முடிந்து உருபில்லாமல் நிற்கும் பெயரைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வரும்.

கூட்டுவது:

கண்ணன் முடிவின்றி மது சேர்த்த பால்பண்ணை ஊர் (5)

பால்பண்ணை ஊர் என்றால் வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணன் என்பது மாதவன், முடிவு இல்லாமல் 'மாதவ', அதோடு மது என்ற வகையில் 'ரம்'. மாதவரம்.

கூட்டும்போது புணர்ச்சி வரும் இடங்கள் தனி ருசி:

இலக்கத்தோடு கிராமம் சேரும் கழிமுகப் பகுதி (4)

இலக்கம் எண், கிராமம் ஊர். எண் + ஊர் சேரும்போது தனிக்குறிலுக்குப் பின்னால் வரும் ஒற்று இரட்டிக்கும் என்று பள்ளியில் படித்தது நினைவிருக்கும், எண்ணூர். விதிப்படி வரும் எழுத்து நியாயமானது, யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தன் வசதிக்கு எழுத்தைச் சேர்த்தால்தான் சண்டை.

திருப்புவது: 'சிவா திரும்பி வந்தால் படி (2)'. வாசி. அவ்வளவுதான். மேலிருந்து கீழ் வரும் குறிப்பானால் 'ஏறி', 'எழுந்து' என்பவையும் திருப்பச் சொல்லும் சைகைகள்.

ஓசை வகையில் எங்கள் ஊருக்கென்று ஒன்று:

சிலர் வாயில் மரம், காசிமேட்டு ஏலத்தில் மீன் (2)

ழகரம் நாக்கில் வராமல் வாழையை 'வாளை' என்று சொல்பவர்கள் எங்கள் பக்கம் நிறைய. வாளை ஒரு மீன். இந்தக் குறிப்பை மீன் வாங்கப் போன இடத்தில் கூடை வைத்திருந்த அக்காவிடம் சொன்னேன், நான் முடிப்பதற்குள் 'வாளதானே?' என்றார். அவர் ஒரு நாளும் குறுக்கெழுத்துக் கட்டத்தைப் பார்த்தவர் இல்லை.

இரண்டு வகை சேர்ந்தும் வரும். 'மண்ணில் முதலில் நசுங்கிய தகரம் தந்த பச்சைக் கல் (5)'. மண்ணில் முதல் எழுத்து ம, நசுங்கிய தகரம் ரகதம் ஆகும், மரகதம்.

இவை ஒன்றும் வெளிநாட்டுச் சரக்கு இல்லை

கிரிப்டிக் என்றால் ஆங்கிலம் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுங்கி நிற்பவர்களிடம் நான் முதலில் சொல்வது ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடலைத்தான். 'எட்டேகால் லட்சணமே' என்று அது தொடங்கும். தமிழ் எண்ணில் எட்டின் குறி 'அ', கால் என்ற பின்னத்தின் குறி 'வ'. எட்டேகால் லட்சணம் என்றால் அவலட்சணம். அடுத்து 'எமனேறும் பரியே' என்று எருமையைச் சொல்கிறார், 'கூரையில்லா வீடே' என்று குட்டிச்சுவரைச் சொல்கிறார். கட்டமும் எண்ணும் மட்டும்தான் இல்லை, மற்றபடி கிரிப்டிக் குறிப்பேதான்.

தண்டியலங்காரத்தில் சொல்லணி வகைகளைப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போய் வேறு வேறு பொருள் காட்டுவது அக்கரச் சுதகம், நம் தலையில்லாத குதிரை அதன் பேத்தி. ஒரு செய்யுளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்து வைப்பது கரந்துறைச் செய்யுள். திருப்பிப் படித்தாலும் மாறாதது மாலைமாற்று. வினாவுத்தரம் என்று ஒன்று, பல கேள்வி கேட்டு, பதில்களைச் சேர்த்தால் கடைசிக் கேள்விக்கு விடை வரும்: பூமகள் திரு, போகிறவனிடம் சொல்வது ஏகு, பாய்வது அம்பு, அழகு அம், எல்லாம் சேர்ந்தால் சிவன் உறையும் இடம், திருவேகம்பம். நம்முடைய 'கூட்டுவது' வகை அப்படியே இருக்கிறது, புணர்ச்சியோடு.

அதனால் ஒற்றை எழுத்துக்குக் குறிப்பு வேண்டியபோது தமிழ் எண்களையும் நினைவில் வையுங்கள். ஒன்று க, இரண்டு உ, ஏழு எ, எட்டு அ, கால் வ. இன்னொரு சுரங்கம் ஸ்வரங்கள். 'ஸ்வரம்' என்று ஒரு சொல் வந்தால் ச, ரி, க, ம, ப, த, நி இவற்றில் ஏதோ ஒன்று.

தெரியாத குறிப்பை நெருங்குவது

முதலில் குறிப்பை ஒரு தடவை கதையாகப் படியுங்கள், உடனே அந்தக் கதையை மறந்துவிடுங்கள். அம்மாவும் கிடையாது, லைட்டும் கிடையாது, எழுத்துகள்தான் இருக்கின்றன. அடுத்து இரு முனைகளையும் பாருங்கள். முதல் ஓரிரு சொல் நேர்பொருளாக இருக்குமா, கடைசி ஓரிரு சொல் இருக்குமா என்று இரண்டையும் தனித்தனியாக நினைத்துப் பார்த்து, மிச்சத்தில் சைகை தேடுங்கள். சைகை கிடைத்தால் அதன் பக்கத்தில் இருக்கும் சொற்களின் எழுத்தை எண்ணுங்கள். அடைப்பில் உள்ள எண்ணோடு பொருந்தினால் கலைப்பு, அதைவிட ஒன்று கூடுதலாக இருந்தால் வெட்டு, அதாவது தலையில்லாத குதிரை மாதிரி ஓர் எழுத்தை நீக்குவது. பெரும்பாலும் இந்தக் கணக்கு ஒன்றே பாதித் தூரம் கொண்டுபோய் விட்டுவிடும்.

குறுக்கே ஓடும் வார்த்தைகளிலிருந்து சில எழுத்துகள் கிடைத்துவிட்டால் இலக்கணம் கை கொடுக்கும். மெய்யெழுத்து தமிழ்ச் சொல்லின் முதலில் வராது, அதனால் கலைப்பில் 'ம்' இருந்தால் அதை முதலில் கடைசிக் கட்டத்தில் வைத்துப் பாருங்கள். கட்டத்தில் 'ங்' விழுந்திருந்தால் அடுத்தது பெரும்பாலும் க வரிசை, 'ஞ்' என்றால் ச வரிசை, 'ந்' என்றால் த வரிசை. க், ச், த், ப் வந்தால் அடுத்தும் அதே இனம்தான், 'பக்தி' போன்ற வடசொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் தவிர. 247 எழுத்து இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம், இந்த விதிகளைப் போட்டதும் பல இடங்களில் ஏழெட்டு எழுத்துதான் மிஞ்சும்.

விளக்கும் முறை

விடை சொல்வதைவிட விளக்குவது கஷ்டம். என் அக்கா மகள் ஒன்பதாவது படிக்கிறாள், பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து நகரம் குறிப்பைக் கொடுத்தேன்.

"நரகம், மாமா."

"எப்படிச் சொல்றே?"

"பாவம் பண்ணவங்க போற இடம்னா நரகம்தானே."

"சரி. அப்போ 'நகரம்' எதுக்கு அங்க உட்கார்ந்திருக்கு?"

யோசித்தாள். நோட்டை வாங்கி நகரம் என்று எழுதி, பக்கத்தில் நரகம் என்று எழுதி, ஒவ்வோர் எழுத்தாகக் கோடு போட்டு இணைத்தாள். ந-வுக்கு ந, க-வுக்கு க. நாலாவது கோடு போட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். "ஓ, சீர்கெட்டால்னா அதுவா!" என்றாள். விடையை அவள் முன்பே சொல்லிவிட்டாள், ஆனால் முகம் மலர்ந்தது இந்த இடத்தில்தான்.

ஆகவே யாருக்காவது விளக்கும்போது விடையிலிருந்து தொடங்காதீர்கள். நேர்பொருள் எந்தப் பக்கம் என்று மட்டும் முதலில் சொல்லுங்கள். அது போதாவிட்டால் சைகைச் சொல்லைக் காட்டுங்கள். அதுவும் போதாவிட்டால் எழுத்துச் சரக்கு எது என்று சொல்லுங்கள். பத்தில் எட்டுப் பேர் இரண்டாவது படியிலேயே தாவிவிடுவார்கள், மூன்றாவது தேவைப்படாது. விடையை அவர்கள் வாயால் சொல்ல விட வேண்டும்.

எழுதி விளக்குவதானால் நாங்கள் நோட்டில் பின்பற்றும் முறை இது: நேர்பொருளுக்கு அடிக்கோடு, கூட்டலுக்கு +, நீக்கிய எழுத்துக்கு அடைப்பு, கலைத்ததற்கு உடுக்குறி. மாதவ(ன்) + ரம். ம + தகரம்*. (கு)திரை. ஒரே வரியில் முடிந்துவிடும். எழுதிய பிறகு குறிப்புக்குத் திரும்பிப் போய், கணக்கில் வந்த சொற்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். 'தந்த', 'பிறந்த' போன்ற இணைப்புச் சொல் ஒன்றிரண்டு மிச்சமிருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் நீங்கள் விட்டது ஏதோ இருக்கிறது, இல்லையென்றால் எழுதியவர் அளந்து போடவில்லை.

கைக்கு இரண்டு

கீதா மரைக்காயர் இடையில் பூத்தது (3)

இடையில் ஒன்றை இழந்த கரும்பு, கூழுக்கு ஆகும் தானியம் (3)

முதலாவதை இடைவெளி விடாமல் படியுங்கள். இரண்டாவதற்குக் கரும்பின் நடு இரண்டு எழுத்தில் எதை எடுப்பது என்பதுதான் கேள்வி. விடைகள் தாமரை, கம்பு.

மூன்றாவதாக, எங்கள் நோட்டில் இன்னும் தீராத ஒன்று. கருவாட்டுக்கு நான் கட்டிய குறிப்பு: 'முட்டைக்குள் இருப்பது வதங்கினால் உலர்ந்த மீன் (4)'. கரு + வாடு, எனக்கு நன்றாகத்தான் பட்டது. நண்பர் ஏற்கவில்லை. "வதங்கினால்னா வாடினால். வதங்குன்னாதான் வாடு. 'இனால்' எங்க போச்சு?" என்றார். அவர் சொன்னது சரி. 'வதங்கு' என்று ஏவலாக மாற்றினால் எழுத்துக் கணக்கு நேராகிறது, ஆனால் வாக்கியம் மனிதர் பேசுகிற மாதிரி இல்லை. ஆறேழு விதமாக மாற்றிப் பார்த்தோம், ஒன்றில் எழுத்து சரியாக இருந்தால் பேச்சு இடறுகிறது, இன்னொன்றில் பேச்சு சரியாக இருந்தால் ஓர் 'ஏ' கூடிவிடுகிறது. பக்கத்தின் மேல் மூலையை மடித்து வைத்திருக்கிறோம். கரு, வாடு, உலர்ந்த மீன், மூன்றும் உங்கள் கையில் இருக்கின்றன, கட்டிப் பாருங்கள்.